இடதுகை கிட்டார்

மணிமொழிக்குப் பதினோரு வயது. இடதுகையால் எழுதுவாள், இடதுகையால் பந்து எறிவாள், இடதுகையால் பூட்டைத் திறப்பாள். சாப்பிடுவது மட்டும் வலதுகையால். ரசம் சாதம் என்றால் பாதி வாய்க்குப் போகும், பாதி சட்டைக்குப் போகும்.

பள்ளிக்கூடத்தில் இதனால் பெரிய தொல்லை ஒன்றும் இல்லை. பக்கத்தில் உட்காரும் ஆலியாவின் முழங்கையும் இவள் முழங்கையும் எழுதும்போது முட்டிக்கொள்ளும். இருவரும் இடம் மாறி உட்கார்ந்ததும் அதுவும் சரியாகிவிட்டது.

தொல்லை வந்தது கிட்டார் வகுப்பில்தான்.

செஞ்சியில் பீமாராவ் மாஸ்டர் சனிக்கிழமை காலைகளில் தன் வீட்டு முன் அறையில் கிட்டார் சொல்லிக்கொடுப்பார். முதல் வகுப்பிலேயே மணிமொழியின் கைக்கு வந்த கிட்டார் அவள் மடியில் தானாகவே திரும்பி உட்கார்ந்துகொண்டது. எல்லாருடைய கிட்டார் கழுத்தும் இடப்பக்கம் நீண்டிருக்க, இவளுடையது மட்டும் வலப்பக்கம் நீண்டது. பக்கத்தில் இருந்த பையனின் காதில் இடித்தது.

கையை மாற்றிப் பிடித்துப் பார்க்கச் சொன்னார் மாஸ்டர். மாற்றிப் பிடித்தாள். அவ்வளவுதான், விரல்கள் எல்லாம் வேறு யாருடையதோ போல ஆகிவிட்டன. கம்பியை மீட்டச் சொன்னால் கை கிட்டாரைத் தட்டியது. அழுத்தச் சொன்ன இடத்தை விட்டுவிட்டுப் பக்கத்துக் கம்பியை அழுத்தியது.

மாஸ்டர் நல்ல மனிதர். அவளுக்காக ஒரு கிட்டாரின் கம்பிகளைக் கழற்றி, வரிசையைத் தலைகீழாக மாற்றிக் கட்டிக்கொடுத்தார். அப்போது மணிமொழியின் விரல்கள் ஆனந்தமாக ஓடின. ஆனால் அடுத்த வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கும் அதே கிட்டார்தான். ஒவ்வொரு வாரமும் கம்பியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்ததில் கம்பிகள் அறுந்துகொண்டே இருந்தன. கடைசியில் மாஸ்டர் அவளுடைய நைனாவைக் கூப்பிட்டு, பெண்ணுக்கு இடதுகைக் கிட்டார் ஒன்று பார்க்கும்படி தயக்கத்தோடு சொன்னார்.

நைனாவும் மணிமொழியும் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினார்கள். அங்கே ஒரு கடைக்காரர் சுவரில் தொங்கிய கிட்டாரை எடுத்து, தலைகீழாகத் திருப்பி நீட்டினார்.

"இந்தாங்க சார், இடதுகை" என்றார்.

திண்டிவனத்தில் இருந்த கடைக்காரர் அந்த அளவுக்குக்கூட முயலவில்லை. அப்படி ஒன்று இருக்கிறதா என்று இவர்களிடமே கேட்டார். இணையத்தில் தேடினால், இருப்பில் இல்லை என்றே வந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் வழியாக செஞ்சிக் கோட்டை இருக்கும் ராஜகிரி மலை தெரிய ஆரம்பித்தபோது நைனா மெதுவாக மணிமொழி பக்கம் திரும்பினார்.

"நாமளே செஞ்சா இன்னா?" என்றார்.

மணிமொழியின் நைனா எழிலரசன் வேலை பார்ப்பது மருந்துக் கடையில். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், மொட்டை மாடியில் ரம்பமும் உளியுமாக உட்கார்ந்துவிடுவார். மரவேலையை அவர் யாரிடமும் போய்க் கற்கவில்லை. வீடியோ பார்த்தும், கையைக் கிழித்துக்கொண்டும் தானாகவே கற்றுக்கொண்டார். இதுவரை ஒரு ஸ்டூல், ஒரு புத்தக அலமாரி, மூன்று செருப்பு ஸ்டாண்டுகள் செய்திருக்கிறார்.

கிட்டார் விஷயத்தைக் கேட்டதும் அம்மா ஜெயஸ்ரீ அந்த ஸ்டூலைத்தான் பார்த்தார்.

"இதுல உக்காந்தா ஊஞ்சல்ல உக்காந்த மாதிரி இருக்குது. கிட்டார் எப்படி இருக்கப் போவுதோ?"

"கிட்டார் மேல நீ உக்காரப் போறதில்லையே" என்றார் நைனா.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுவே அனுமதி ஆகிவிட்டது.

செய்யப்போவது எலெக்ட்ரிக் கிட்டார் என்று நைனா முடிவு செய்தார். அதற்குக் காரணமும் சொன்னார். சாதாரணக் கிட்டாருக்கு உடம்பு காலிப் பெட்டி மாதிரி இருக்கும். மெல்லிய பலகையைச் சூடு காட்டி வளைக்க வேண்டும். அது தனக்கு வராது. எலெக்ட்ரிக் கிட்டாருக்கு உடம்பே ஒரு கனமான பலகைதான். கம்பிகளுக்குக் கீழே காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் வைத்த சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். அதற்குப் பெயர் பிக்கப். கம்பி அதிர்வதை அது மின்சாரமாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்பும். பிக்கப்பையும் கம்பிகளையும் திருகுகளையும் சென்னையிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம். மர வேலை முழுவதும் தங்களுடையது.

பலகை கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கிட்டாருக்கு நன்றாகக் காய்ந்த மரம் வேண்டும். ஈர மரத்தில் செய்தால் பிறகு முறுக்கிக்கொள்ளும். அவலூர்பேட்டையில் மர அறுவைப் பட்டறை வைத்திருந்த நண்பர் ஒருவரிடம் நைனா விசாரித்தார். அவரிடம் பல வருடங்களாகக் காய்ந்த பலாப் பலகை ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. ஒரு சாக்கில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார் நைனா.

பலகையை இழைக்க இழைக்க உள்ளிருந்து மஞ்சள் நிறம் வெளியே வந்தது. பலாச்சுளை நிறம். மணிமொழி கையால் தடவிப் பார்த்தாள். கோட்டையிலிருந்து வரும் குரங்கு ஒன்று கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தது. இவர்கள் கீழே போயிருந்த நேரம் பார்த்து உப்புத்தாளை எடுத்து நக்கிப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு எதிர்வீட்டு மாடியில் வீசிவிட்டுப் போனது.

அடுத்தது கிட்டாரின் வடிவம். பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்து, படத்தைப் பார்த்து நைனா வரைந்தார். கழுத்து வந்து சேரும் இடத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு கொம்புகள். மேல் கொம்பு நீளம். கீழ்க்கொம்புக்குப் பக்கத்தில் ஆழமான ஒரு வளைவு. கம்பியை அழுத்தும் கை அந்த வளைவுக்குள் புகுந்துதான் கழுத்திலுள்ள கடைசிக் கட்டங்கள் வரை எட்ட முடியும்.

"படத்துல இருக்கறது வலதுகைக் கிட்டார். நாம இன்னா பண்ணணும்?" என்று நைனா கேட்டார்.

"அட்டைய கவுத்துப் போட்டு வரையணும்" என்றாள் மணிமொழி.

நைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அட்டையின் ஒரு பக்கத்தில் பெரிய அம்புக்குறி போட்டு, இந்தப் பக்கம் மேலே என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அந்த எழுத்து பலகையைப் பார்த்துக் கீழே இருக்க வேண்டும் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை மணிமொழி வகுப்புக்குப் போனாள். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாக அன்றே கடையில் நைனாவுக்கு விடுமுறை. அவள் திரும்பி வருவதற்குள் வெட்டி முடித்து ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று அவர் அவசரம் அவசரமாக வேலை பார்த்திருக்கிறார்.

வகுப்பு முடிந்து வந்தவளைக் கண்ணை மூடச் சொல்லி மாடிக்குக் கூட்டிப் போனார். கண்ணைத் திறந்தபோது எதிரே கிட்டாரின் உடம்பு இருந்தது. இரண்டு கொம்புகளும் வழவழவென்று இழைக்கப்பட்டு, கழுத்து உட்காரும் இடத்தில் சதுரமாகக் குழியும் வெட்டப்பட்டிருந்தது. நைனாவின் புருவம் எல்லாம் மரத்தூள். சிரித்தபோது மீசையிலிருந்தும் தூள் கொட்டியது.

"எப்படி இருக்குது?"

"சூப்பரா இருக்குது நைனா" என்று அவரைக் கட்டிக்கொண்டாள். அவள் சட்டையும் மஞ்சளாகிவிட்டது.

மறுநாள் காலை நைனா கடைக்குப் போன பிறகு ஆலியா வந்தாள். அவளும் பீமாராவ் மாஸ்டரிடம்தான் கற்றுக்கொள்கிறாள். மாடியில் பலகையைப் பார்த்ததும் ஓடிப்போய் மடியில் வைத்துக்கொண்டாள். கழுத்தும் இல்லை, கம்பியும் இல்லை. ஆனாலும் வலதுகையால் காற்றை மீட்டி, இடதுகையைக் கீழே இருந்த வளைவில் விட்டுப் பெரிய மேடைக் கலைஞர் மாதிரி தலையை ஆட்டினாள்.

மணிமொழி கைதட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஆலியா, இங்க குடு."

மணிமொழி அதை வாங்கித் தன் மடியில் வைத்துப் பார்த்தாள். கழுத்து வரும் பக்கம் வலப்புறம் இருக்கும்படி திருப்பினாள். வளைவு கீழே வரவில்லை. மேலே போய்விட்டது. நீளக் கொம்பு அவள் தொடையில் குத்தியது. மறுபடி எடுத்து வைத்தாள். மறுபடியும் அதே மாதிரிதான் வந்தது.

அட்டையின் எழுத்துப் பக்கம் மேலே இருந்திருக்கிறது. அம்புக்குறி சொன்னபடி நைனா கேட்டுவிட்டார்.

ஆலியாவுக்கும் புரிந்துவிட்டது. "ஐயோ, இது எனக்குச் செஞ்ச மாதிரி இருக்குதே" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு, "உங்க நைனாகிட்ட சொல்லிடலாமா?" என்று கேட்டாள்.

மணிமொழிக்கு அந்தப் புருவத்துத் தூளும் சிரிப்பும் கண் முன்னால் வந்தன. இருந்தது ஒரே ஒரு பலகை. பச்சை மரம் வாங்கினால் காயவே வருஷக்கணக்கில் ஆகும் என்று நைனா சொல்லியிருந்தார்.

"வேணாம். நீயும் சொல்லாத" என்றாள்.

"அப்ப எப்படி வாசிப்பே?"

"நான் வலதுகையில கத்துக்கறேன்."

ஆலியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மணிமொழியின் முகத்தைப் பார்த்துவிட்டு, பலகையை வாங்கி இருந்த இடத்திலேயே வைத்தாள்.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் ஏதோ ஒன்று சரியில்லை. மணிமொழி பல் தேய்ப்பதிலிருந்து கதவைத் தட்டுவது வரை எல்லாவற்றையும் வலதுகையால் செய்து பழகினாள். பல் தேய்த்ததில் மூக்கில் பேஸ்ட் ஏறியது. வலதுகையால் எழுதிய வீட்டுப்பாடத்தைப் பார்த்து, பஸ்ஸில் உட்கார்ந்து எழுதினாயா என்று டீச்சர் கேட்டார்.

விசித்திரம் என்னவென்றால், நைனாவும் சரியாக இல்லை. சாயங்காலம் வந்ததும் மாடிக்கு ஓடுகிறவர், இப்போது படிக்கட்டுப் பக்கமே போகவில்லை. கேட்டால் உப்புத்தாள் இல்லை என்றார். உப்புத்தாள் வந்த பிறகு முதுகு வலிக்கிறது என்றார். ஒருநாள் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டு, காலி டப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

"அப்பனுக்கும் பொண்ணுக்கும் இன்னா ஆச்சு? சண்டையா?" என்று அம்மா கேட்டார்.

"இல்லையே" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு கரண்டி சாம்பாரை இருவர் தட்டிலும் ஊற்றினார்.

சனிக்கிழமை வகுப்பில் மணிமொழி எல்லாரையும் போலவே கிட்டாரைப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டர் ஆச்சரியப்பட்டார். என்ன திடீரென்று என்று விசாரித்தார். சும்மாதான் என்றாள். ஒன்றும் வரவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முதல் பாடத்திலேயே அவள் நாலு முறை தடுமாறினாள். முன்பு அவளிடம் கேட்டுக் கற்றுக்கொண்ட பையன் இப்போது அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தான். மணிமொழி உதட்டைக் கடித்துக்கொண்டு அவன் சொன்னதைக் கேட்டாள். ஆலியா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் மணிமொழி தன் அறையில் தனியாக உட்கார்ந்து பயிற்சி செய்தாள். வீட்டில் கிட்டார் இல்லை. அதனால் அந்த ஃபிரிட்ஜ் அட்டையையே கிட்டார் என்று மடியில் வைத்துக்கொண்டாள். எழுத்துப் பக்கம் வெளியே தெரிந்தது. இடதுகையால் அழுத்துவதுபோல, வலதுகையால் மீட்டுவதுபோல. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கை வலித்தது. மறுபடி. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

தோள்பட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டபோது, கொஞ்சம் ஓய்வாக இருக்கட்டும் என்று அட்டையைப் புரட்டித் தனக்கு வசதியான பக்கமாக வைத்துக்கொண்டாள். வலதுகை கீழ் வளைவுக்குள் சுகமாகப் போய் உட்கார்ந்தது. இடதுகை கம்பிகள் இருக்கும் இடத்தில் தானாக விழுந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

பிறகு அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அட்டையைப் புரட்டினால் இடதுகைக் கிட்டார் வருகிறது. அட்டைக்கு இரண்டு பக்கம் இருக்கிறது. பலகைக்கு?

அட்டையை வீசிவிட்டு மாடிப்படியில் ஓடினாள். மேலே ஏறியதும் நின்றுவிட்டாள். நைனா அங்கே இருந்தார். முதுகு வலி என்று சொன்னவர், தரையில் உட்கார்ந்து பலகையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். வேலை எதுவும் செய்யவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க மாஸ்டர் கடைக்கு வந்தாரு, இருமல் மருந்து வாங்க. நீ கைய மாத்திக்கிட்டியாமே" என்றார்.

மணிமொழி அவர் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

தலையை ஆட்டினாள். "உனக்கு, நைனா?"

"ஞாயித்துக்கிழமை ராத்திரியே தெரிஞ்சிடுச்சு. கண்ணாடி முன்னால வச்சிப் பாத்தேன். உன்ன மாதிரி புடிச்சிப் பாக்கலாம்னு." அவர் பலகையின் ஓரத்தைத் தடவினார். "அன்னிக்கி நீ அவ்ளோ சந்தோஷப்பட்டியே, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவலூர்பேட்டைக்குப் போன் பண்ணிக் கேட்டேன். காஞ்ச பலகை வேற இல்லன்னுட்டாரு."

"நீ அவ்ளோ சந்தோஷப்பட்டியேன்னுதான் நானும் சொல்லல."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது. முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. நைனா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்காக நீ உன் கைய மாத்திக்க வேணாம்மா. எத்தினி வருஷம் ஆனாலும் காத்திருந்து வேற பலகையில செய்யலாம்" என்றார்.

"வேற பலகை எதுக்கு?" மணிமொழி அவர் மடியிலிருந்த பலகையை இரண்டு கையாலும் தூக்கினாள். கனமாக இருந்தது. ஒரு புரட்டுப் புரட்டி மறுபடி அவர் மடியிலேயே வைத்தாள். "இதுவே போதும்."

நைனா குனிந்து பார்த்தார். இப்போது பலகையின் பின்பக்கம் மேலே இருந்தது. நீளக் கொம்பு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்திருந்தது. வளைவும் இடம் மாறியிருந்தது. இடதுகைக்காரி மடியில் எப்படி இருக்க வேண்டுமோ, அப்படியே இருந்தது.

கொம்பையும் வளைவையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு பலகைக்கு அடியில் கையைவிட்டுத் துழாவினார். "கழுத்துக் குழி வெட்டிட்டேனே. அது இப்ப அடியில போயிடுச்சு. மேல இன்னொரு குழி வெட்டினா ரெண்டும் ஒன்னாயி ஓட்டையாயிடும்னுதான் எனக்கு பயம். அந்தக் குழிதான் என் மண்டைக்குள்ளயே நின்னுது, மத்தது எதுவும் தோணல."

மணிமொழி பலகையை நிமிர்த்திப் பிடித்துக் குழிக்குள் ஆள்காட்டி விரலை விட்டுக் காட்டினாள். முதல் கணுகூட முழுதாக உள்ளே போகவில்லை. அதே விரலைப் பலகையின் ஓரத்தில் வைத்து, எவ்வளவு கனம் மிச்சம் இருக்கிறது என்று காட்டினாள். மேலே அதே அளவு வெட்டினாலும் நடுவில் மரம் இருக்கும்.

"ஆனா மெல்லிசாத்தான் இருக்கும். கம்பி இழுக்கற இழுப்புக்குத் தாங்கணும்" என்றார் நைனா. இப்போது அவர் குரலில் கவலை இல்லை, கணக்குப் போடும் குரலாகிவிட்டது.

"இந்தக் குழிய மரம் வச்சி அடைச்சிடலாம். இதே பலகையில வெட்டிப்போட்ட துண்டு இருக்குமில்ல?"

"இருக்குது. பசை போட்டு இறுக்கிட்டா ஒரே மரமாயிடும். ஆனா பின்னால ஒட்டுப் போட்டது தெரியும்மா."

"பின்னால என் வயிறுதான் இருக்கும். வயிறா பாக்கப் போவுது?"

நைனா வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்புச் சத்தம் கேட்டு அம்மா மேலே வந்தார். நடந்த எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு வாரமாக இதற்காகவா இரண்டு பேரும் உம்மென்று இருந்தீர்கள் என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். முதல் நாளே தன்னிடம் சொல்லியிருந்தால் தானே திருப்பிப் போட்டிருப்பேன் என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம்.

வெட்டிப்போட்ட துண்டுகளைத் தேடியபோது பெரிய துண்டு மட்டும் காணவில்லை. சமையலறை ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, அம்மா அதை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். ஜன்னலுக்கு வேறு ஒரு கட்டை தருவதாக நைனா பேசி முடித்து அதை மீட்டு வந்தார்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியில் மறுபடி உளிச் சத்தம் கேட்டது. இந்த முறை மணிமொழி இல்லாமல் நைனா ஒரு கோடும் போடவில்லை. அவள் அளவு சொன்னாள், அவர் வரைந்தார். அவர் அளவு சொன்னார், அவள் சரிபார்த்தாள். குழியை அடைத்த துண்டு அவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்தது; உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு அதன் ஓரத்தை விரலால் தடவினால் தெரியவில்லை, கண்ணால் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

பழைய கட்டிலின் தேக்குச் சட்டத்தை இழைத்துக் கழுத்து செய்தார்கள். அதில் கம்பியை அழுத்தும் கட்டங்களுக்காக மெல்லிய உலோகக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பதித்தார்கள். மணிமொழி இடதுகையில் சுத்தியலைப் பிடித்துத் தட்டினாள். பிக்கப்புக்கு இடம் வெட்டினார்கள், வார்னிஷ் பூசினார்கள். வார்னிஷ் காயும் வரை குரங்கு வராமல் இருக்க, ஆலியா ஒரு குடையுடன் காவல் இருந்தாள். பழுப்பு நிறத் தேக்குக் கழுத்தும் மஞ்சள் பலா உடம்புமாகக் கிட்டார் வெயிலில் பளபளத்தது.

கடைசியாகக் கம்பிகள். தடித்த கம்பி மேலே, மெல்லியது கீழே, மணிமொழி மடியில் வைக்கும்போது வரவேண்டிய வரிசையில். பீமாராவ் மாஸ்டர் தன் சிறிய ஸ்பீக்கரை இரவல் கொடுத்தார். நைனா ஒயரைச் செருகி, சுவிட்சைப் போட்டார்.

மணிமொழி இடதுகையால் ஒரு கம்பியை மீட்டினாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

இன்னொரு முறை மீட்டினாள். கம்பி அதிர்வது கண்ணுக்குத் தெரிந்தது, ஸ்பீக்கர் ஊமையாக இருந்தது. நைனா ஒயரைப் பிடுங்கிப் பார்த்தார், மறுபடி செருகினார். உள்ளே இணைத்த இணைப்பு ஏதாவது விட்டுப்போய்விட்டதோ என்று பின்பக்க மூடியைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார்.

மணிமொழி அவசரப்படவில்லை. கிட்டாரில் தாங்கள் வைத்த ஒவ்வொன்றையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கம்பி, பிக்கப், ஒலியைக் கூட்டும் குமிழ். குமிழில் அவள் கை நின்றது.

"நைனா, இத எந்தப் பக்கம் திருப்பினா சத்தம் கூடும்?"

"வலப்பக்கம். அதான் முழுசாத் திருப்பி வச்சிருக்கேனே." சொல்லிவிட்டு அவரே யோசித்தார். இடதுகைக் கிட்டார் என்பதால் குமிழுக்குப் போகும் ஒயரையும் மாற்றித்தான் இணைத்திருந்தார். "அடடா. நம்மளுது இடப்பக்கம் திருப்பணும்."

மணிமொழி குமிழை இடப்பக்கமாக மெல்லத் திருப்பிவிட்டு மீட்டினாள்.

ஸ்பீக்கரிலிருந்து தடித்த, நீளமான ஒரு ஓசை எழுந்தது. அது மாடி முழுவதும் பரவியது. கைப்பிடிச் சுவரில் காயவைத்திருந்த துணிகளுக்கு அப்பால் இருந்த வீடுகள் வரை போனது. எதிர்வீட்டு மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

நைனா ஒரு பெருமூச்சு விட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆலியா அவள் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டாள்.

மணிமொழி வலதுகை விரல்களைக் கழுத்துக்குக் கொண்டுபோனாள். முதல் பாடத்தை வாசித்தாள். இரண்டாவது பாடத்தை வாசித்தாள். விரல்கள் எங்கே போகவேண்டும் என்று அவள் யோசிக்கவே இல்லை. அவையே போயின. மூன்றாவது பாடத்தில் மட்டும் ஒரு இடத்தில் தவறியது. சிரித்துக்கொண்டே அந்த இடத்தை மட்டும் திரும்ப வாசித்தாள்.

அவள் வாசித்து முடித்தபோது, டீ டம்ளர்களோடு வந்த அம்மா படிக்கட்டின் கடைசிப் படியிலேயே நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. டீயில் ஆடை படிந்திருந்தது.

"நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டு, தட்டைக் கீழே வைத்துத் தானும் உட்கார்ந்துகொண்டார் அம்மா. "மொதல்லேருந்து வாசி."

மணிமொழி முதலிலிருந்து வாசித்தாள்.